கவுதாரிக் கறியும் வென்டிலேட்டரும்: நோயுற்ற குழந்தைகள் பற்றி கத்தோலிக்க அறம் என்ன சொல்கிறது?

2017 ஜூன் கடைசி வாரம். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருந்த சார்லி கார்ட் என்ற குழந்தையைப் பற்றி வத்திக்கானிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. வாழ்வுக்கான பாப்பிறைக் கழகத்தின் தலைவர் பேராயர் வின்சென்சோ பாலியா வெளியிட்டது. பெற்றோரின் வேதனையைப் புரிந்துகொள்ள வேண்டும், அதே சமயம் மருத்துவத்தின் எல்லைகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அளவுக்கு மீறிய சிகிச்சைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சில நாளில், ஜூலை 2 அன்று, போப் பிரான்சிஸ் சார்பில் இன்னொரு செய்தி. தங்கள் குழந்தையைக் கடைசிவரை உடனிருந்து பராமரிக்க விரும்பும் பெற்றோரின் ஆசை மதிக்கப்பட வேண்டும் என்று அவர் ஜெபிப்பதாகச் சொன்னது.

உடனே ஊடகங்களில் ஒரே பேச்சு. போப் தன் ஆளையே திருத்திவிட்டார், வத்திக்கான் பல்டி அடித்துவிட்டது என்றெல்லாம் எழுதினார்கள். எனக்கு இது வேறு மாதிரி படுகிறது. இரண்டு செய்திகளும் ஒரே மரபிலிருந்து வந்தவை, இரண்டும் சேர்ந்தே நிற்க முடியும். எப்படி என்று புரிய நானூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டியிருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவனும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் இதையெல்லாம் படிக்கிறவன். அதனால் இதை வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு வாசிப்புக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சார்லிக்கு என்ன ஆச்சு?

சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சார்லி 2016 ஆகஸ்ட் 4 பிறந்தான். பிறந்தபோது ஆரோக்கியமாகத்தான் தெரிந்தான். சில வாரங்களில் பலவீனம் தெரிய ஆரம்பித்தது. செல்களுக்குச் சக்தி தயாரித்துத் தருகிற மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ குறைந்துகொண்டே போகிற, மிக அபூர்வமான பரம்பரை நோய். காரணம் ஆர்ஆர்எம்2பி என்கிற மரபணுவில் பிழை. தானாக மூச்சுவிட முடியாது, கைகால் அசைக்க முடியாது, காது கேட்காது, வலிப்பு வேறு.

அமெரிக்காவில் ஒரு மருத்துவர், நியூக்ளியோசைட் சிகிச்சை என்று ஒன்றை முயன்று பார்க்கலாம் என்றார். சார்லிக்கு வந்த குறிப்பிட்ட வகை நோயில் அதுவரை யாருக்கும் கொடுத்துப் பார்க்காத சிகிச்சை. பெற்றோர் மக்களிடம் 13 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். மருத்துவமனையோ மூளை ஏற்கெனவே மீள முடியாதபடி பாதிக்கப்பட்டுவிட்டது, இனி வென்டிலேட்டரே அவனுக்குத் துன்பம் என்று சொல்லி நீதிமன்றம் போனது. 2017 ஏப்ரல் 11 உயர் நீதிமன்றம் மருத்துவமனை பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் என எங்கேயும் அது மாறவில்லை. ஜூலையில் அமெரிக்க மருத்துவர் நேரில் வந்து பார்த்தார், புதிய ஸ்கேன்களும் எடுத்தார்கள். தசைகள் மீள முடியாத அளவுக்குப் போய்விட்டது தெரிந்தது. ஜூலை 24 பெற்றோரே வழக்கை விட்டுவிட்டார்கள். 28ஆம் தேதி, முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சார்லி இறந்துபோனான்.

கவுதாரி சாப்பிட்டே ஆகணுமா?

"கத்தோலிக்கர்கள் என்றால் உயிரை எப்படியாவது இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள்" என்பது பொதுவான எண்ணம். கருக்கலைப்பு, கருணைக்கொலை இரண்டையும் அவர்கள் எதிர்க்கிறார்கள், அதனால் இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அவர்களுடைய பழைய நூல்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

1530களில் ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா என்ற டொமினிக்கன் துறவி மிதமான உணவைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதில் வருகிற ஒரு கேள்வி: நோயாளி உயிரைக் காப்பாற்றிக்கொள்ள எந்த அளவுக்குப் போக வேண்டும்? அவர் பதில் இது. கோழியும் கவுதாரியும் சாப்பிடு என்று மருத்துவர் சொல்கிறார். அதைச் சாப்பிட்டால் இன்னும் இருபது வருஷம் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவன் முட்டை மாதிரி சாதாரண உணவோடு இருந்துகொள்ளலாம், அது பாவமில்லை. சாப்பாட்டை வாயில் வைப்பதே சித்திரவதை என்கிற அளவுக்கு மனம் ஒடிந்துபோன நோயாளிமேலும் அவர் பழி போடவில்லை.

அதே நூற்றாண்டின் இறுதியில் தொமிங்கோ பான்யெஸ் இதற்குப் பெயர் வைத்தார்: சாதாரண வழிகள், அசாதாரண வழிகள். சாதாரணமானதைச் செய்தே ஆக வேண்டும், அசாதாரணமானது கட்டாயமில்லை. அன்றைக்கு அசாதாரணத்துக்கு அவர்கள் சொன்ன முக்கியமான உதாரணம் கால் வெட்டும் அறுவை சிகிச்சை. மயக்க மருந்து இல்லாத காலம் இல்லையா? அந்த வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள். தாங்க முடியாத செலவு, ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலை, தீராத அருவருப்பு எல்லாமே நியாயமான காரணங்கள்.

17ஆம் நூற்றாண்டில் கர்தினால் ஹுவான் தெ லூகோ இன்னொரு உதாரணம் சொன்னார். ஒருவனைச் சுற்றித் தீ. கையில் தண்ணீர் இருக்கிறது. தீயை அணைத்துத் தப்பிக்கிற அளவு தண்ணீர் இருந்தால் ஊற்றித்தான் ஆக வேண்டும். கொஞ்ச நேரம் தள்ளிப்போட மட்டுமே அது போதும் என்றால்? ஊற்றாமல் விட்டாலும் தற்கொலை ஆகாது.

ஆக, எடை போடுவதற்கு இரண்டு தட்டு. ஒன்று சிகிச்சை தருகிற பாரம், இன்னொன்று அது தரக்கூடிய பலன்.

1957: இயந்திரம் மூச்சுவிடுகிறது

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மூச்சுக்குழாயில் துளையிட்டு, கையால் பம்ப் செய்தே பல நோயாளிகளைப் பிழைக்கவைத்தார்கள். சீக்கிரமே அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. கூடவே ஒரு புதுப் பிரச்சினை. மூளை போய்விட்டது, இயந்திரத்தால் மூச்சு ஓடுகிறது. நிறுத்தலாமா?

இன்ஸ்ப்ருக் நகர மயக்கவியல் மருத்துவர் ப்ரூனோ ஹைடு இந்தக் கேள்வியை அனுப்ப, 1957 நவம்பர் 24 அன்று போப் 12ஆம் பயஸ் மயக்கவியல் மருத்துவர்கள் முன்னால் பதில் சொன்னார். சாதாரண வழிகள் மட்டுமே கடமை. எது சாதாரணம் என்பது ஆள், இடம், காலம், பண்பாடு பொறுத்து மாறும். தனக்கோ பிறருக்கோ பெரும் பாரம் தராததுதான் சாதாரணம். பிறருக்கோ என்ற சொல்லைக் கவனியுங்கள். குடும்பத்தால் மனசாட்சிப்படி தாங்க முடியாத பாரமாகிவிட்டால், நிறுத்தச் சொல்லி அவர்கள் மருத்துவரிடம் வற்புறுத்தலாம் என்றும் சொன்னார். 1980இல் கருணைக்கொலை பற்றிய வத்திக்கான் பிரகடனம் சாதாரணம், அசாதாரணம் என்பதோடு தகுந்தது, தகாதது என்ற சொற்களையும் சேர்த்தது. பாரம்தான் அளவுகோல் என்பது மாறவில்லை.

எந்த இயந்திரம் என்பது கேள்வியே இல்லை என்பதுதான் இதில் முக்கியம். நிமோனியா வந்த குழந்தைக்கு நாலு நாள் வென்டிலேட்டர் சாதாரணம். அதே இயந்திரம் வேறொரு குழந்தைக்கு அசாதாரணம் ஆகலாம்.

குழந்தை என்றால் எங்கே சிக்கல்?

இந்த மரபு முழுக்க, தன் பாரத்தைத் தானே சொல்லக்கூடிய ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கவுதாரி வேண்டாம் என்பது நோயாளியின் முடிவு. பச்சைக் குழந்தைக்கு வாய் இல்லை. அதன் பாரத்தை வேறு யாரோ ஊகிக்க வேண்டும். ஊகிக்கும்போது ஒரு வழுக்கல் நடக்கிறது. "இந்தச் சிகிச்சை இவனுக்குப் பாரமா?" என்று ஆரம்பித்து, நமக்கே தெரியாமல் "இப்படியொரு வாழ்க்கை இவனுக்குப் பாரம்தானே?" என்று போய் முடிப்போம். முதல் கேள்வியை இந்த மரபு அனுமதிக்கிறது. இரண்டாவதை அனுமதிப்பதில்லை.

இந்த வித்தியாசம் வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை என்பதற்கு 1982 சம்பவம் ஒன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், ப்ளூமிங்டன் நகரில் ஏப்ரல் 9 அன்று ஒரு குழந்தை பிறந்தது. டவுன் சிண்ட்ரோம் இருந்தது. உணவுக்குழாய் சரியாக அமையாததால் வாய்வழியே எதுவும் வயிற்றுக்குப் போகாது. அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் பெற்றோர் வேண்டாம் என்றார்கள், நீதிமன்றமும் அது அவர்கள் உரிமை என்றது. தத்தெடுத்து வளர்க்கத் தயார் என்று சிலர் முன்வந்தும் பலனில்லை. உணவும் சிகிச்சையும் இல்லாமல் ஆறு நாளில் குழந்தை இறந்தது. "பேபி டோ" என்று வரலாற்றில் நின்றுவிட்ட வழக்கு இதுதான். இதன் விளைவாக 1984இல் அமெரிக்கா சட்டத்தையே திருத்தியது.

இங்கே என் தொழில் புத்தி ஒன்று சொல்லும்: ஒரு வேரியபிளை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டிப் பார். அதே உணவுக்குழாய்ப் பிரச்சினை, அதே அறுவை சிகிச்சை, அதே வலி, அதே செலவு. டவுன் சிண்ட்ரோம் மட்டும் இல்லை. இப்போது பெற்றோர் வேண்டாம் என்பார்களா? மாட்டார்கள் என்றால், அன்று எடைபோடப்பட்டது அறுவை சிகிச்சை இல்லை, அந்தக் குழந்தை. கத்தோலிக்க அளவுகோல்படி அது தவறு, பெற்றோரே முடிவெடுத்திருந்தாலும் தவறுதான்.

இதே டெஸ்டை சார்லிக்கு ஓட்டினால் அவ்வளவு சுத்தமாக விடை வராது. அவன் நோயைக் கழித்துவிட்டால் வென்டிலேட்டரே தேவைப்படாது. அவன் நிலைதான் சிகிச்சையின் பலனையும் தீர்மானிக்கிறது. மறுபக்கம், அவனுக்கு இனி எந்தத் தரமான வாழ்க்கையும் இல்லை என்கிற தொனியில் மருத்துவமனைத் தரப்பு பேசியபோது, கத்தோலிக்க விமர்சகர்கள் சிலருக்கு நெருடியது. நிறுத்துவது சரியாகவே இருக்கலாம், ஆனால் காரணம் இதுவாக இருக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம்.

திருச்சபைக்கு உள்ளேயும் இது தீர்ந்துபோன விவாதம் இல்லை. 1974இல் ரிச்சர்ட் மெக்கார்மிக் என்ற இயேசு சபை இறையியலாளர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மனித உறவு கொள்ளும் சாத்தியம் ஒரு குழந்தைக்குத் துளியும் இல்லை என்றால், அல்லது பிழைத்திருப்பதற்கான போராட்டத்திலேயே அந்தச் சாத்தியம் முழுக அமுங்கிப்போகும் என்றால், உயிர்காக்கும் சிகிச்சை கட்டாயமில்லை என்றார். டவுன் சிண்ட்ரோம் அந்த வரையறைக்குள் வராது, அவர்களுக்குச் சிகிச்சை தர வேண்டும் என்பதுதான் அவர் நிலை. ஆனாலும் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. வாழ்க்கையைத் தரம் பிரிக்கிற கதவை இவர் உள்ளிருந்தே திறந்துவிடுகிறார் என்றார்கள். அந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.

இரண்டு விடையா, மூன்று விடையா?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். ஒரே மரபிலிருந்து பேராயர் ஒன்றும் போப் ஒன்றும் எப்படிச் சொல்ல முடிந்தது?

ஒரு சிகிச்சையைப் பற்றி மூன்று விதமாகச் சொல்லலாம். செய்தே ஆக வேண்டும். செய்யலாம், விடலாம். செய்யவே கூடாது. விட்டோரியா முதல் 12ஆம் பயஸ் வரை இந்த மரபு பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றித்தான் பேசியது. அசாதாரணம் என்றால் "கட்டாயமில்லை" என்று அர்த்தம். "தடை" என்று அர்த்தமில்லை. கவுதாரி சாப்பிட்டே ஆக வேண்டியதில்லை, ஆனால் ஆசைப்பட்டுச் சாப்பிட்டால் யாரும் தட்டைப் பிடுங்கப் போவதில்லை.

இங்கிலாந்துச் சட்டத்தின் வேலை வேறு. 1989 குழந்தைகள் சட்டப்படி குழந்தையின் நலனே தலையாய அளவுகோல். பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் நீதிபதி முடிவு செய்வார். அவர் முன்னால் வரும் கேள்விக்கு இரண்டே விடை: தொடரலாம், அல்லது தொடரக்கூடாது. "இரண்டில் எது வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்ற நடு விடைக்கு அங்கே இடம் குறைவு. அதனால் அறநூல் "விடலாம்" என்று சொன்ன இடத்தில் தீர்ப்பு "விட்டே ஆகணும்" என்று ஆகிவிடுகிறது.

பாலியா சொன்னது: நிறுத்துவது கொலையாகாது. பிரான்சிஸ் சொன்னது: பெற்றோரைத் தள்ளிவிடாதீர்கள். அந்த நடு விடைக்குள் இரண்டும் தாராளமாகப் பொருந்தும். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2278ஆம் பத்தியிலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பாரமான, தகாத சிகிச்சைகளை நிறுத்துவது நியாயமாகலாம் என்கிறது. நோயாளியால் முடியாதபோது சட்டப்படி அவர் சார்பில் பேச உரியவர்கள் முடிவெடுக்க வேண்டும், நோயாளியின் நியாயமான விருப்பமும் நலனும் எப்போதும் மதிக்கப்பட வேண்டும் என்கிறது.

அப்படியானால் பெற்றோர் கேட்டால் எதையும் தொடரலாமா? அதுவும் முடியாது. தனக்காக ஒருவர் வலியைத் தேர்ந்தெடுப்பது வேறு, இன்னொரு உடம்புக்காகத் தேர்ந்தெடுப்பது வேறு. சார்லி வலியை உணர்ந்திருக்கலாம், அதைக் காட்டக்கூட அவனால் முடியாது. பலனே இல்லாமல் விடாப்பிடியாகச் செய்கிற சிகிச்சையைத் தவிர்க்கச் சொல்கிறது திருச்சபை. ஆக மூன்றாவது விடையும் அவர்களிடம் உண்டு. எல்லைக்கோடு எங்கே என்பதில்தான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள்.

ஒரே போப், இரண்டு தரப்பு

அடுத்த வருஷமே லிவர்பூலில் ஆல்ஃபி எவன்ஸ். மூளையை அழித்துக்கொண்டே போகிற, பெயர் கண்டுபிடிக்கப்படாத நோய். 2018 பிப்ரவரி 20 அன்று நீதிபதி ஹெய்டன் வென்டிலேட்டரை நிறுத்தலாம் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பில், தகாத சிகிச்சையைக் கைவிடுவது பற்றி 2017 நவம்பரில் போப் பிரான்சிஸ் எழுதிய கடிதத்தையே மேற்கோள் காட்டினார். இரண்டு மாதம் கழித்து ஆல்ஃபியின் அப்பா ரோமுக்குப் போய் அதே போப்பைச் சந்தித்தார். வத்திக்கானின் பம்பினோ ஜேசு குழந்தைகள் மருத்துவமனை ஆல்ஃபியை ஏற்கத் தயார் என்றது. இத்தாலி குடியுரிமையே கொடுத்தது. குணமாக்குவோம் என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லை. பயணம் துன்பம் தரும், பலன் இல்லை என்று நீதிமன்றம் மறுத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்களோ முடிவெடுப்பவர்கள் எல்லோருமே குழந்தையின் நன்மையை நினைத்து நேர்மையாகத்தான் நடக்கிறார்கள் என்று அறிக்கை விட்டார்கள். ஏப்ரல் 23 வென்டிலேட்டர் எடுக்கப்பட்டது. ஆல்ஃபி தானாக மூச்சுவிட்டபடி நாலு நாளுக்கு மேல் இருந்து, 28ஆம் தேதி இறந்தான்.

2020இல் வத்திக்கான் வெளியிட்ட "சமாரித்தானுஸ் போனுஸ்" ஆவணத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. "குழந்தையின் நலன்" என்ற சட்டச் சொல்லைப் பற்றி அதில் ஓர் எச்சரிக்கை வருகிறது. செலவு-பலன் கணக்கு போட்டு உயிரைச் சுருக்குவதற்கு அந்தச் சொல் அடிப்படையாக முடியாது என்கிறது. தகாத சிகிச்சையை நிறுத்தினாலும் வலிநிவாரணம் உள்ளிட்ட அடிப்படைப் பராமரிப்பை நிறுத்தக்கூடாது என்பதும் அதிலேயே வருகிறது. (குழாய்வழி உணவும் தண்ணீரும் பராமரிப்பா, சிகிச்சையா என்பது தனி விவாதம். 2004இல் இரண்டாம் ஜான் பால் அதைக் கொள்கையளவில் சாதாரண வழி என்றார். இன்னொரு பதிவில் பார்க்கலாம்.)

வீட்டுக்குப் போக ஒரு துளை

கடைசியாக, இவர்களுக்கெல்லாம் முந்தின ஒரு வழக்கு. 2011, கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். பேபி ஜோசஃப் என்று அறியப்பட்ட குழந்தைக்கு குணமாகாத நரம்பு நோய். வென்டிலேட்டரை எடுத்துவிடலாம் என்றது மருத்துவமனை, நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. பெற்றோர் வேறொன்று கேட்டார்கள். கழுத்தில் மூச்சுத்துளை போட்டுக் கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். அதற்கு முன் இதேபோன்ற நோயால் ஒரு குழந்தையை அவர்கள் இழந்திருந்தார்கள். அந்தக் குழந்தை துளையோடு வீட்டில் சில மாதம் இருந்து அவர்கள் கையில் போனது. இந்தக் குழந்தைக்குத் துளை தேவையற்ற துன்பம் என்று மருத்துவமனை மறுத்தது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கார்டினல் கிளெனன் என்ற கத்தோலிக்கக் குழந்தைகள் மருத்துவமனை அவனை ஏற்றுக்கொண்டு மார்ச்சில் அந்தத் துளையைப் போட்டது. ஏப்ரலில் வீட்டுக்குப் போனான். செப்டம்பரில் இறந்தான்.

குணமாக்குவதுதான் நோக்கம் என்றால் அந்தத் துளை வீண். ஒரு குழந்தை தன் வீட்டில் சாக வேண்டும் என்பது நோக்கம் என்றால் அது வீண் இல்லை. பலன் என்ற தட்டில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தராசே சாய்கிறது. சார்லியின் பெற்றோரும் வழக்கை விட்ட பிறகு கேட்டது அவனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்திருக்கத்தான். வென்டிலேட்டரோடு அது சாத்தியமில்லை என்று ஆகிவிட்டது. அவன் ஒரு ஹாஸ்பிஸில் இறந்தான்.

இந்த மரபை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பழக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இப்படியொரு முடிவு முன்னால் வந்து நிற்கும்போது, யார் பேசினாலும், அது மருத்துவராகட்டும் பெற்றோராகட்டும், அவர்கள் எடைபோடுவது சிகிச்சையையா அல்லது குழந்தையையா என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது. அதற்கு அடுத்து, "இதனால் என்ன பலன்?" என்று யாராவது சொன்னால், எதற்கான பலன் என்று கேட்பது.